ஒரு விரிதாளுக்கு எத்தனை கண்?

மலேசியாவில் லெபோ பசார் என்னும் தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு மாதக் கடைசியில் கணக்கு முடிக்கப் போவேன். முதலாளி ஐயா பேரேட்டுக் காலத்து ஆள். ஒருவரின் பற்று முன்பக்கத்தில், வரவு கடைசிப் பக்கத்தில் இருந்தால், இடக்கை விரலை முன்னால் செருகிக்கொண்டு வலக்கையால் பின்னால் புரட்டுவார். நான் எக்செலில் மேலும் கீழும் உருட்டித் தவிப்பதைப் பார்த்து, "தம்பி, இதுல விரல எங்க வைக்கிறது?" என்றார்.

அந்த விரலுக்குக் கணினியில் 'ஸ்பிலிட்' என்று பெயர். வியூ தாவலில் இருக்கிறது. ஒரு கட்டத்தைத் தேர்ந்து அழுத்தினால் அதற்கு மேலும் இடப்பக்கமும் கோடு விழுந்து தாள் நான்காகும். ஏ நெடுவரிசையில் நடுவே ஒரு கட்டத்தைத் தேர்ந்தால் மேல், கீழ் என்று இரண்டோடு நிற்கும். மேலே ஜனவரி, கீழே டிசம்பர், தனித்தனியாக உருட்டலாம். ஆனால் பக்கவாட்டில் நகர்த்தினால் இரண்டும் சேர்ந்தே நகரும். இது புதிய வசதியும் இல்லை. 1979-இல் வந்த விசிகால்க் என்ற பழைய விரிதாள் மென்பொருளிலேயே திரையை இரண்டாகப் பிரிக்கலாம்; இரண்டும் சேர்ந்து நகரவேண்டுமா, தனித்தனியாகவா என்பதையும் நாமே சொல்லலாம்.

'ஃப்ரீஸ்' வேறு. அது தலைப்பு வரிசையை ஆணியடித்து நிறுத்துவது. இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள எக்செல் விடாது.

சரி, சொல்லுக்கு வருவோம். பிரிந்த ஒவ்வொரு பகுதியும் ஆங்கிலத்தில் 'பேன்'. லத்தீனில் 'பன்னுஸ்' என்றால் துணி. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, துண்டு, பகுதி என்று பொருள் விரிந்து, சன்னலில் பதித்த ஒரு கண்ணாடித் துண்டுக்கு நிலைத்தது. மலாயில் 'அனாக் தெதிங்காப்' என்கிறார்கள். தெதிங்காப் கணினிச் சாளரம், அனாக் என்றால் பிள்ளை. சாளரம் பெற்ற பிள்ளை! எனக்கு இது பிடித்திருக்கிறது.

தமிழில் பலரும் 'பலகம்' என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் 'பேனல்' என்பதற்கும் அதையே போடுகிறோம், பலகையும் நினைவுக்கு வருகிறது. 'பிளவு' என்றால் கட்சி உடைந்ததுபோல் இருக்கிறது. என் கட்சி 'கண்'.

காரணம் உண்டு. நாம் வாய்நிறையச் சொல்லும் ஜன்னல் போர்த்துகீசிய 'ஜனெலா'. மலாய்க்காரர்களின் 'ஜெண்டேலா'வுக்கும் அதுவே தாய். அதற்கு முன் நம்மிடம் காலதர் இருந்தது: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பலகணியும் இருந்தது, பல கண் உடையது என்பதால் அந்தப் பெயர். ஆக, சன்னலின் ஒரு திறப்பைக் கண் என்பது புதுக்கற்பனை அன்று. வலைக்குக் கண் உண்டு, பாலத்துக்குக் கண் உண்டு, மேட்டூரில் பதினாறுகண் மதகே இருக்கிறது. ஒரே நீர் பதினாறு வழியாகப் பாய்கிறது. ஒரே தாள் நான்கு வழியாகத் தெரிகிறது. மேற்கண்ணில் ஓர் எண்ணை மாற்றினால் கீழ்க்கண்ணிலும் மாறிவிடுவது இதனால்தான். நகல் எடுத்துவிட்டோம் என்று நினைத்து அழித்து, பிறகு தலையில் கைவைத்தவர்களில் நானும் ஒருவன்.

(கடிதத்தில் எழுதும் 'மேற்கண்ட', 'கீழ்க்கண்ட' வேறு, அவை காண் என்னும் வினையிலிருந்து வந்தவை.)

ஆகவே 'ஸ்பிலிட்' கண்பிரிப்பு, 'பேன்' கண், நடுவில் விழும் கோடு பிரிகோடு. ஐயாவிடம் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். பிரிகோட்டின் மேல் இருமுறை சொடுக்கினால் தாள் பழையபடி ஒன்றாகிவிடும் என்பதையும் காட்டினேன். அவர் இருமுறை சொடுக்கிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, விரல எடுத்தாச்சு" என்றார்.