‘பன்றிக் காய்ச்சல்’ என்றால் எந்த நோய்?

காட்டில் பன்றிகள் கூட்டமாகச் செத்துக் கிடக்கின்றன. அடுத்த நாள் செய்தித் தலைப்பில் ‘பன்றிக் காய்ச்சல்’ என்று போடுகிறார்கள். படிப்பவருக்கு 2009-இல் மனிதரிடையே பரவிய நோய் நினைவுக்கு வருகிறது. முகக்கவசம் போடலாமா, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார். செத்த பன்றிகளுக்கு வந்ததோ மனிதரைத் தொற்றவே தொற்றாத ஒரு வைரஸ். ஒரே பெயரை இரண்டு நோய்களுக்குச் சூட்டியதால் வந்த வினை இது.

ஆங்கிலத்தில் ‘ஸ்வைன் ஃபீவர்’ வேறு, ‘ஸ்வைன் ஃப்ளூ’ வேறு. ‘ஸ்வைன்’ பன்றிக்கான பழைய ஆங்கிலச் சொல். ‘ஃபீவர்’ லத்தீன் ‘ஃபெப்ரிஸ்’ வழி வந்தது. ‘ஃப்ளூ’ என்பது ‘இன்ஃப்ளுயன்சா’வின் சுருக்கம், நோய் விண்மீன்களின் ஆதிக்கத்தால் வருகிறது என்று நம்பிய காலத்து இத்தாலியச் சொல். நம் ‘காய்ச்சல்’ காய்தல் என்ற வினையிலிருந்து வந்தது. அவ்வளவுதான் சொல்வரலாறு, சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது.

2009-இல் எச்1என்1 என்ற ஃப்ளூ வைரஸ் பரவியபோது நம் ஊடகங்கள் ‘ஸ்வைன் ஃப்ளூ’வைப் ‘பன்றிக் காய்ச்சல்’ ஆக்கின. ‘ஸ்வைன் ஃப்ளூ’ என்ற பெயரால் எகிப்தில் பன்றிகளையே கொல்ல உத்தரவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் ஏப்ரல் 30 அன்றே அப்பெயரைக் கைவிட்டது, நாம் விடவில்லை. 2020-இல் அசாமிலும் அருணாச்சலப் பிரதேசத்திலும் ‘ஆஃப்ரிக்கன் ஸ்வைன் ஃபீவர்’ உறுதியானபோது, பெயர் ஏற்கெனவே வேறொரு நோயிடம் இருந்தது. ஆகவே முன்னால் ‘ஆப்பிரிக்க’ என்று ஒட்டினார்கள். 2023 சனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடம் அது கண்டறியப்பட்டபோதும் அதே பெயர்தான். வாசகர் அதை ‘ஆப்பிரிக்காவிலிருந்து வந்த எச்1என்1’ என்று புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

உண்மையில் நோய்கள் மூன்று. கென்யாவில் கண்ட நோயை மான்ட்கோமரி 1921-இல் விவரித்தார். அதுதான் ஆப்பிரிக்க வகை. பெரிய டி.என்.ஏ. வைரஸ், அங்கே மென்னுண்ணிகளும் அதைச் சுமக்கின்றன. அதற்கும் முன்பே உலகம் அறிந்திருந்தது ‘கிளாசிக்கல்’ வகை. அது ஆர்.என்.ஏ. வைரஸ், தடுப்பூசி உண்டு. இவ்விரண்டும் மனிதருக்கு வராது. மூன்றாவதான இன்ஃப்ளுயன்சா மட்டும் மனிதருக்கும் தாவும்.

காட்டுப்பன்றிகளின் நோயைக் கண்காணிக்கும் அரசு உயிரியலாளரின் வேலையில் இந்தப் பெயர்க்குழப்பம் நேராக மாதிரிக் குழாய்க்குள் போய் விழும். ஃப்ளூ என்றால் உயிருள்ள பன்றியின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு, வைரஸ் கெடாமல் கொண்டுசெல்லும் திரவத்தில் போட வேண்டும். ஆப்பிரிக்க வகைக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. கலந்த ஊதா மூடிக் குழாயில் ரத்தம் வேண்டும். மண்ணீரல், தொண்டைச் சதை, நிணநீர்க் கணு ஆகியவற்றில் துண்டுகள் வேண்டும். பிணம் அழுகிவிட்டால் நீண்ட எலும்பை எடுத்து மஜ்ஜையைச் சோதிக்கலாம். ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரான சீரம் மட்டும் போதாது: எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் பல பன்றிகள் செத்துவிடும், முடிவு ‘நோயில்லை’ என்று வரும். எல்லாத் துண்டையும் ஃபார்மலினில் போட்டால் வைரஸைப் பிரித்தெடுக்கவே முடியாது. வயிற்றைக் கிழித்தால் மண்ணீரல் பல மடங்கு வீங்கிக் கருத்து, விரல் பட்டாலே பிய்ந்து வரும். ஆனால் கிழித்த இடத்தில் சிந்தும் ரத்தமே அடுத்த பன்றிக்கு நோய் என்பதால், முடிந்தவரை திறக்காமல் மாதிரி எடுப்பதே மேல். படிவத்தில் வெறுமனே ‘பன்றிக் காய்ச்சல்’ என்று எழுதி அனுப்பினால் ஆய்வகம் எந்தச் சோதனையைச் செய்யும்?

இன்னொன்றும் உண்டு. காட்டுப்பன்றிக்கு யார் வெப்பமானி வைத்துப் பார்க்கிறார்கள்? காய்ச்சல் கண்ட பன்றி குளிர்ச்சி தேடிப் போகும். ஓடையோரத்திலோ புதருக்குள்ளோ பிணமாகத்தான் ஆளின் கண்ணில் படும். களத்தில் தெரியும் அடையாளம் சாவு. பெயரோ கண்ணுக்குத் தெரியாத சூட்டைச் சொல்கிறது.

‘பன்றிக் கொள்ளைநோய்’ என்று மாற்றலாம் என்போர் உண்டு. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இதை ‘பெஸ்ட்’ என்ற கொள்ளைநோய்ச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். ஃப்ளூவோடு அங்கே குழப்பமே இல்லை. ஆனாலும் தமிழுக்கு இது பொருந்தாது. கொள்ளைநோய் என்றாலே ஊர் காலியாகும் மனிதச் சாவுதான் நம் காதில் விழும். கருத்தளவிலும் தவறு: ஆப்பிரிக்க வகை வைரஸ் தொற்றியதைக் கொல்வதில் கொடியது, காட்டில் பரவுவதிலோ நிதானமானது. பிணத்தை மோந்த பன்றி, அதன் பிணத்தை மோந்த இன்னொன்று என்று மெல்ல நகரும். 2018-இல் காட்டுப்பன்றிகளிடம் நோய் கண்ட பெல்ஜியம், வேலியிட்டும் பிணங்களைத் தேடி அகற்றியும் பன்றிகளைக் குறைத்தும் அதை ஒழித்தது அதனால்தான். கொள்ளை கொண்டுபோகும் வேகம் இருந்திருந்தால் வேலி எதற்கு உதவும்?

‘பன்றிக் காலரா’ இன்னும் மோசம். அமெரிக்கர் கிளாசிக்கல் வகைக்கு ‘ஹாக் காலரா’ என்று வைத்த பெயரின் நகல் அது. காலராக் கிருமிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

கால்நடைத் துறையே நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. ஆடுகளுக்கு வரும் பி.பி.ஆர். நோயை ‘ஆட்டுக்கொல்லி நோய்’ என்கிறோம். எந்த விலங்கு, என்ன ஆகும் என்ற இரண்டையும் அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது, மனிதரைப் பயமுறுத்துவதில்லை. அதே அச்சில் ‘பன்றிக்கொல்லி நோய்’ என்பதே சரி. முன்பே அறிந்த வகைக்கு வெறும் பன்றிக்கொல்லி நோய். மற்றதற்கு ஆப்பிரிக்கப் பன்றிக்கொல்லி நோய். ‘கிளாசிக்கல்’ என்பதைச் ‘செவ்வியல்’ ஆக்கி, சங்க இலக்கியத்துக்கு உரிய அடையைப் பன்றி நோய்க்கு மாட்டவும் வேண்டியதில்லை. பூச்சிக்கொல்லி போல மருந்தாகத் தோன்றாதா என்றால், ‘நோய்’ என்பதை விடாமல் எழுதினால் தோன்றாது. எச்1என்1 வகைக்குப் ‘பன்றி ஃப்ளூ’ போதும். தூய தமிழ் இல்லைதான். ஆனால் எல்லோருக்கும் புரிந்த சொல்லை விட்டுவிட்டுத் தெளிவைக் கெடுக்கும் தூய்மை யாருக்கும் பயன்படாது.

மனிதருக்கு வராது என்பதால் வெறுங்கையால் பிணத்தைத் தொடலாம் என்று ஆகாது. புருசெல்லா, லெப்டோஸ்பைரா போன்ற கிருமிகள் பன்றியிடமிருந்து நமக்கு வரும், கையுறை கட்டாயம். செருப்படியில் ஒட்டிய ரத்தம் வைரஸை அடுத்த பண்ணைக்குக் கொண்டுபோகும் என்பதால் காலணியைக் கிருமிநாசினியில் கழுவாமல் வண்டியேறக் கூடாது. எச்சரிக்கைப் பலகையில் எழுத வேண்டியவை இவை. அங்கேயும் ‘அவுட்பிரேக்’ என்பதை ‘நோய் வெடிப்பு’ என்று எழுதிவைக்கிறார்கள். குண்டுதான் வெடிக்கும். ‘மாட்டுக்குக் கோமாரி கண்டிருக்கு’ என்று ஊரில் சொல்வார்கள். பலகையிலும் ‘இப்பகுதியில் பன்றிக்கொல்லி நோய் கண்டிருக்கிறது, செத்த பன்றியைத் தொடாமல் தகவல் சொல்லுங்கள்’ என்றே எழுதலாம்.