டாடா: பொருளை உடைத்துப் பார்த்த கலைஞர்கள்

1916 பிப்ரவரி 5 அன்று, சூரிச் நகரின் ஷ்பீகல்காஸே தெருவில், ஜெர்மானியக் கவிஞரான ஹூகோ பாலும் அவருடைய துணைவி எமி ஹென்னிங்ஸும் ‘கபரே வோல்டேர்’ என்ற சிறு அரங்கைத் தொடங்கினர். முதல் உலகப் போரிலிருந்து விலகி நின்ற ஸ்விட்சர்லாந்துக்கு வந்து சேர்ந்திருந்த கவிஞர் திரிஸ்தான் ட்ஸாரா, ஓவியர் மார்செல் யான்கோ, சிற்பி ஹான்ஸ் ஆர்ப் ஆகியோர் அங்கே ஒன்றுகூடினர். மரபான கலையையும் மொழியையும் மறுத்த ‘டாடா’ (Dada) என்ற கலை இயக்கம் அங்குதான் பிறந்தது.

1914இல் தாமாகவே படையில் சேர முயன்று உடல்நலக் காரணத்தால் மறுக்கப்பட்ட ஹூகோ பால், பின்னர் பெல்ஜியப் போர்முனையை நேரில் கண்டு அதிர்ந்தவர். இத்தகைய அழிவையும் ஞாயப்படுத்தி எழுதக்கூடிய மொழி கறைபட்டுவிட்டது என்று அவர் கருதினார். ஆகவே, எந்த மொழியிலும் இல்லாத ஒலிகளால் கவிதை புனைந்து, உடலை அசைக்கவிடாத அட்டை உடையணிந்து, ஒரு பாதிரியார் ஓதுவதுபோல் மேடையில் இசைத்தார். ‘காட்ஜி பெரி பிம்பா’ என்று அது தொடங்கும். கேட்பவரின் செவி பழக்கத்தால் பொருளைத் தேடுகிறது. அது கிடைக்காதபோது குரலும் மூச்சும் தாளமும் மட்டும் மிஞ்சுகின்றன. அந்த எச்சத்தை உணரச் செய்வதே அவர் நோக்கம் என்பது என் புரிதல்.

ட்ஸாரா வேறு வழி சொன்னார். செய்தித்தாள் கட்டுரை ஒன்றைச் சொல் சொல்லாக வெட்டிப் பையிலிட்டுக் குலுக்கி, கைக்கு வரும் வரிசையிலேயே எழுதினால் கவிதை ஆகிவிடும். மேதைமை என்று போற்றப்பட்ட இடத்தில் தற்செயல் அமர்ந்துகொண்டது.

இந்த மறுப்பின் மிகக் கூர்மையான சோதனை நியூயார்க்கில் நடந்தது. கட்டணம் செலுத்திய எவருடைய படைப்பும் தேர்வின்றி வைக்கப்படும் என்று அறிவித்த 1917ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு, பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப் கடையில் வாங்கிய, ஆண்கள் சிறுநீர் கழிக்கும் கழிப்பறைக் கோப்பை ஒன்றை ‘ஆர். மட்’ என்று கையொப்பமிட்டு அனுப்பினார். அமைப்பாளர்கள் அதைப் பார்வைக்கு வைக்கவில்லை. கலை எது என்பதைத் தீர்மானிப்பது பொருளின் இயல்பா, ஏற்பவரின் அதிகாரமா என்ற கேள்வி, தேர்வே இல்லை என்றவர்களின் தேர்வால் வெளிப்பட்டது.

பெர்லினில் இயக்கம் நேரடி அரசியலாயிற்று. கலைஞர் ஹானா ஹோக் இதழ்ப் படங்களை வெட்டி ஒட்டித் தலைவர்களின் உருவங்களைக் குலைத்தார். 1920இல் நடந்த டாடா கண்காட்சியில், பன்றித்தலை பொருத்திய ராணுவச் சீருடைப் பொம்மை கூரையிலிருந்து தொங்கியது. படையை இழிவுபடுத்தியதாக வழக்குத் தொடரப்பட்டு, ஓவியர் கியோர்க் குரோஸுக்கும் பதிப்பாளர் வீலாண்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்டேவுக்கும் அபராதம் விதிக்கப்பட்டது.