அந்த நீலத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்

போன மாதம் ஒருவர் ஜப்பானியச் சுருள் ஓவியம் ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பட்டுத்துணியில் அடர்நீல ஐரிஸ் பூக்கள். "தூசியா இருந்துச்சு, ஈரத்துணியால லேசா ஒத்தி எடுத்தேன்" என்றார். நல்லவேளை, அந்தத் துணியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். துணி முழுக்கப் பொடிக்கண்ணாடி போல மினுங்கும் நீல மணிகள். ஓவியத்தில் இரண்டு இதழ்கள் இருந்த இடத்தில் வெறும் பட்டு.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணெய் ஓவியத்தை இப்படித் துடைப்பதைப் பார்த்திருப்பார். நாங்களே பஞ்சுக்குச்சியில் எச்சில் தொட்டு எண்ணெய் ஓவியத்தின் அழுக்கை எடுப்பது உண்டு. ஆளிவிதை எண்ணெய் காய்ந்து தோல் போல இறுகி, வண்ண மணிகளை உள்ளே பூட்டிவிடும். மேலே பெரும்பாலும் வார்னிஷும் இருக்கும்.

அந்த நீலம் அசுரைட் என்ற நீலக்கல்லை அரைத்த பொடி. ஜப்பானிய மரபில் அதைப் பிடித்துவைப்பது நிகாவா. தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அந்த வகைத் தோல்பசை. ஈரம் பட்டால் இளகிவிடும். வயதாக ஆகப் பிடியும் தளரும். கல்பொடியை மணியின் பருமனை வைத்து எண் போட்டு விற்பார்கள். 5ஆம் எண் மணல் போல, அடர்நீலம். 13ஆம் எண் மாவு போல, வெளிர்நீலம். ஒரே கல்தான், அரைக்க அரைக்க வெளிறும். இத்தாலியில் 1400 வாக்கில் வாழ்ந்த ஓவியர் சென்னினோ சென்னினியும் அசுரைட்டை அழுத்தாமல் அரைக்கச் சொன்னவர்தான்.

இன்னொன்று, வார்னிஷ். காய்ந்த ஆற்றுமணல் வெளிறித் தெரியும், நனைந்தால் கறுக்கும் இல்லையா? மணிகளுக்கு இடையே இருந்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான். வார்னிஷ் பூசினால் ஜப்பானிய நீலத்துக்கும் இதே கதி. சிப்பியிலிருந்து எடுக்கும் கோஃபுன் வெள்ளையோ எண்ணெயில் குழைத்தால் கண்ணாடி மாதிரி ஆகி, வெள்ளையாகவே தெரியாது. மேற்கத்திய ஓவியர்கள் நச்சு என்று தெரிந்தும் ஈயவெள்ளையை விடாததற்கு இதுவும் ஒரு காரணம். டோக்கியோவின் நெஜு அருங்காட்சியகத்தில் ஜப்பானிய ஓவியர் ஓகாட்டா கோரினின் ஐரிஸ் திரைகள் இருக்கின்றன. தங்கத்தகட்டின் மேல் அந்த நீலம் வெல்வெட் போல நிற்பது, காய்ந்த மணிகளின் மேல் ஒளி நேராக விழுவதால்தான்.

உங்கள் வீட்டில் இப்படி ஓர் ஓவியம் இருந்தால் துடைக்கவோ, எதையும் தெளிக்கவோ வேண்டாம். வண்ணம் தடிப்பாக இருந்தால் இறுக்கிச் சுருட்டாதீர்கள், விரிசல் விழும். ஜப்பானில் இதற்காகவே ஃபுதோமாகி என்ற பருமனான மர உருளையில் சுற்றுவார்கள். பொடி உதிர்கிறதா? முகப்பு மேலே இருக்கும்படி கிடத்தி வைத்துவிட்டு, ஓவியப் பாதுகாப்பாளரைக் கூப்பிடுங்கள். சிவப்பாக உதிர்ந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது சாதிலிங்கமாக இருக்கலாம், பாதரசம் கலந்தது. ஊதாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள்.

அந்தச் சுருள் இப்போது என் மேசையில் விரிந்து கிடக்கிறது. மிச்சமிருக்கும் மணிகளுக்கு அடியில் நீர்த்த பசையை நுனித்தூரிகையால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கிறேன். துணியோடு போன நீலத்தைத் திரும்ப வைக்க வழியில்லை.