இறந்த நாடகாசிரியரின் திரைக்கதை படமாகும்போது விமர்சனம் யார்மீது விழுகிறது?

அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் 1957இல் எழுதிய ‘தி லாஸ் ஆஃப் எ டியர்டிராப் டயமண்ட்’ திரைக்கதை, அவர் 1983இல் காலமாகும்வரை படமாகவில்லை. ஜோடி மார்க்கெல் இயக்கி 2008இல் டொராண்டோ திரைப்பட விழாவில் அது திரையிடப்பட்டபோது விமர்சகர்களில் பலர் அதை மெச்சவில்லை. நடிப்பைப் பாராட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் வில்லியம்ஸின் பெரும் நாடகங்களோடு ஒப்பிட்டு, அவற்றின் சாயல் மட்டுமே இதில் இருப்பதாகக் கருதியவர்களே மிகுதி. எழுத்தாளருக்கு நல்வாய்ப்பாக, திரைக்கதை 1984இலேயே நூலாக வந்திருந்தது. ஆகவே குறை எழுத்திலா, இயக்கத்திலா என்பதை அக்கறையுள்ள எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கோவையில் பதிப்புரிமை ஒப்பந்தங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் என்ற முறையில், மறைந்த எழுத்தாளர்களின் பிரதிகளை வைத்திருக்கும் நம் பகுதிக் குடும்பங்கள் இந்த நூல் விஷயத்தைத்தான் கவனிக்க வேண்டும் என்று சொல்வேன். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் கோவையின் சென்ட்ரல், பட்சிராஜா ஸ்டுடியோக்களும் இயங்கிய காலத்தில் நாடக மேடையிலிருந்து எழுத்தாளர்கள் திரைக்கு வந்தார்கள். மு. கருணாநிதியின் நாடகமான ‘மந்திரிகுமாரி’ 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமானபோது வசனம் எழுதியவரும் அவரே. அதைப் பற்றி எவர் என்ன சொன்னாலும் பதில் சொல்ல அவர் இருந்தார். பெட்டியில் நோட்டுப் புத்தகங்களாகக் கிடக்கும் பிரதியை எழுதி மறைந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. படம் சோபிக்காவிட்டால் ‘கதையே பழசு’ என்ற தீர்ப்பு அவர் பெயரில் நின்றுவிடும். விமர்சகரைக் குறைசொல்லிப் பயனில்லை. மூலத்தைக் காணாதவர் திரையில் கண்டதைத்தானே எடைபோட முடியும்?

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தொகையைப் பற்றியே கேட்கிறார்கள். எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு என்பது பலருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் உயிரோடிருந்தபோது அச்சிடப்படாமலும் மேடையேறாமலும் இருந்த பிரதிக்கு, அது முதலில் வெளியாகும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் அந்த 60 ஆண்டுகள் கணக்கிடப்படும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. உரிமையை எழுத்துமூலமாகவே மாற்ற முடியும். காலம் குறிக்கப்படாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டுகளாகவே கொள்ளும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. எழுதியவரின் நற்பெயருக்குக் கேடு வரும்படி பிரதியைச் சிதைத்தால் சட்டப்பூர்வ வாரிசுகள் வழக்குத் தொடுக்கலாம். படம் மனத்துக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் அதற்குப் போதாது. சிதைந்தது என்று மெய்ப்பிக்க மூலம் கையில் இருந்தாக வேண்டும். ஒரே கையெழுத்துப் பிரதியைத் தயாரிப்பாளரிடம் நம்பிக் கொடுத்துவிட்டு, பின்பு எதைக் காட்டி வாதாடுவது என்று திகைத்து நின்ற குடும்பத்தாரைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே பேச்சுவார்த்தை தொடங்குமுன் பக்கம் விடாமல் ஸ்கேன் செய்து படியெடுங்கள். இயன்றால் படம் வெளியாகும்போதே மூலமும் நூலாக வர ஒப்பந்தத்தில் இடம் கேளுங்கள். திரையில் பெயர் வரும் விதத்தையும் அதிலேயே எழுதிவிடுங்கள்: வசனமும் காட்சிகளும் பெருமளவு மாற்றப்பட்டிருந்தால் ‘திரைக்கதை’ என்று போடாமல் ‘இன்னாரின் பிரதியைத் தழுவியது’ என்றே போட வேண்டும்.