ஏலக்காயைத் தரம் பிரிக்கும் காற்று

ஏலக்காயின் விலையைக் கண்தான் முதலில் முடிவு செய்கிறது. கேரளத்தின் புத்தடியிலும் நம் போடிநாயக்கனூரிலும் நடக்கும் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் அள்ளிப் பார்ப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் பருமனும் நல்ல பச்சையும் இருந்தால் விலை ஏறும். வெளுத்ததும் வெடித்ததும் கலந்திருந்தால் இறங்கும். அதனால் வண்டன்மேட்டிலும் கம்பம் பக்கத்திலும் தரம் பிரிப்பது பெரிய வேலை. கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக ஜீப்பில் மலையேறும் நம் பெண்கள் காய் எடுப்பதில் மட்டுமல்ல, காய்ந்த காயைப் பொறுக்கிப் பிரிப்பதிலும் கைதேர்ந்தவர்கள். அந்தப் பொறுக்கும் வேலையில் ஒரு பங்கை இப்போது கலர் சார்ட்டர் என்ற, நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் செய்கிறது.

நல்ல காய் எப்படி இருக்கும் என்று ஒரு இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது கடினம். ஆரம்பகாலப் பொறியாளர்கள் அந்தக் கேள்வியையே சுருக்கிவிட்டார்கள். காய் விழும் பாதைக்குப் பின்னால் ஒரு பின்னணிப் பலகை இருக்கும். அதன் ஒளிர்வை நல்ல காயின் ஒளிர்வுக்குச் சமமாக வைத்துவிட்டால், நல்ல காய் கடக்கும்போது ஒளியுணரிக்கு எந்த மாற்றமும் தெரியாது. கெட்ட காய் கடந்தால் மட்டும் மின்னழுத்தம் ஏறும் அல்லது இறங்கும். நல்லதைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கி, கெட்டதை மட்டும் தெரியவைத்த இந்த யோசனையை நான் பொறியியலின் அழகான தீர்வுகளில் ஒன்றாகவே நினைக்கிறேன். 1930களில் அமெரிக்காவின் மிச்சிகனில் பீன்ஸ் பிரிக்க ஒளியுணரிகளைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இன்று அந்த இடத்தில் வேகமான கேமராக்கள் இருக்கின்றன. நிறத்தோடு வடிவத்தையும் பார்ப்பதால் வெடித்த காயின் பிளவையும் அவை கண்டுகொள்ளும்.

எந்த ஒளியில் பார்ப்பது என்பதும் முக்கியம். ஏலக்காயின் பச்சை நிறம் பச்சையத்திலிருந்து வருகிறது. காயை உலர்த்தும் ஸ்டோரில் சூடு அளவு மீறினால் பச்சைய மூலக்கூறின் நடுவிலுள்ள மக்னீசியம் கழன்று, காய் பழுப்பேறுகிறது. பச்சையம் சிவப்பொளியை, குறிப்பாக 670 நானோமீட்டர் அருகில், நன்றாக உறிஞ்சும். ஆகவே சிவப்பொளியில் பச்சைக் காய் இருட்டாகவும் வெளுத்த காய் பளிச்சென்றும் தெரியும். நம் கண்ணுக்கு மெல்லியதாகத் தோன்றும் வேறுபாடு அங்கே பெரிதாகிவிடுகிறது.

பார்த்தாயிற்று; இனி தள்ள வேண்டும். முறத்தில் புடைக்கும்போது காற்று கனத்தைப் பார்த்துப் பிரிக்கிறது. இங்கே ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாக, தேவைப்பட்டால் மட்டும் காற்று அடிக்கிறது. அதிரும் தட்டிலிருந்து காய்கள் சரிவில் இறங்கி, கேமராவைக் கடந்து, வரிசையாக இருக்கும் காற்றுக் குழாய்முனைகளுக்கு முன் விழுகின்றன. காய் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழுகிறது, கேமராவுக்கும் குழாய்முனைக்கும் இடையே 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கடக்க 20 மில்லிநொடி ஆகும். அதற்குள் படத்தை ஆராய்ந்து, சரியான கணத்தில் வால்வைத் திறந்து மூட வேண்டும். காய் பத்து சதவீதம் மெதுவாக வந்தால் 2 மில்லிநொடிக்கு மேல் பிந்தும். காற்று 6 மில்லிமீட்டர் தள்ளி அடிக்கும். கெட்ட காய் தப்பிவிடும், பக்கத்து நல்ல காய் வெளியே போகும். எல்லாக் காயும் ஒரே வேகத்தில் விழவேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சரிவே இருக்கிறது. காய்ந்த சூட்டோடு உரசிக் காம்பையும் வாலையும் உதிர்க்கும் பழைய வழக்கம் இங்கேயும் கைகொடுக்கிறது. வழவழப்பான காய் தடங்காமல் இறங்கும்.

எவ்வளவு கறாராக அமைத்தாலும் சில நல்ல காய்கள் கெட்டதோடு போகத்தான் செய்யும். கழித்ததை மறுபடி ஓட்டுவார்கள், அல்லது கையால் பொறுக்குவார்கள். மணத்தை இந்த இயந்திரம் அறியாது. பச்சையாக இருக்கும் காயெல்லாம் எண்ணெய் நிறைந்த காய் ஆகாது. இதில் அனுபவமுள்ள பெண்ணின் கைக்கும் மூக்குக்கும் ஈடு இன்னும் இல்லை என்றே சொல்வேன்.

பார், காத்திரு, தள்ளு என்ற இதே வரிசை ஆய்வகத்திலும் வேலை செய்கிறது. 1965இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் மாக் ஃபுல்வைலர் உயிரணுக்களைப் பிரிக்கும் கருவியை வெளியிட்டார். அதில் அணுக்கள் மெல்லிய நீர்த்தாரையில் ஒவ்வொன்றாகக் கடக்கும்; அதிர்வு தாரையைத் துளிகளாக உடைக்கும்; வேண்டிய அணு உள்ள துளிக்கு மட்டும் மின்னூட்டம் ஏற்றி, மின்புலத்தால் பக்கவாட்டில் இழுப்பார்கள். அவர் அணுவின் பருமனை அளந்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் லியோனார்ட் ஹெர்சன்பர்க் குழு, ஒளிரும் சாயம் ஏற்றிய அணுக்களை லேசரில் அடையாளம் கண்டு பிரித்தது. எச்ஐவி தொற்றுள்ளவரின் இரத்தத்தில் சிடி4 என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை எண்ணும் கருவிகள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை எண்ணுவதோடு நின்றுகொள்ளும், பிரிப்பதில்லை. பிரிக்கும் கருவியில் வேலை தொடங்குமுன், லேசரைக் கடந்த அணு எத்தனையாவது துளியில் போய்ச் சேரும் என்ற இடைவெளியைச் சரிபார்த்து அமைக்க வேண்டும். ஒரு துளி பிசகினாலும் குழாயில் சேர்வது வேறு அணு.