சாய இயந்திரத்தில் வெப்பநிலை ஏன் எப்போதும் பின்தங்கியே ஏறுகிறது?

சாயப்பட்டறைகளில் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சீரமைத்துத் தரும் பணியில் நான் அடிக்கடி கேட்கும் குறை, சாயநீரின் வெப்பநிலை செட் பாயிண்டுக்கு (அந்தந்த நேரத்தில் எட்டியிருக்க வேண்டிய இலக்கு வெப்பநிலைக்கு) ஓரிரு டிகிரி கீழேயே நின்றபடி ஏறுகிறது என்பதுதான். பாலியெஸ்டர் துணிக்கு டிஸ்பர்ஸ் சாயம் (நீரில் நுண்துகள்களாகப் பரவி நிற்கும் சாயம்) ஏற்றும்போது, மூடிய இயந்திரத்தில் 130 டிகிரி வரை சீரான வேகத்தில் சூடேற்ற வேண்டும். சுமார் 90 டிகிரிக்கு மேல் சாயம் இழைக்குள் விரைந்து புகுவதால், அந்தக் கட்டத்தில் வேகம் குலைந்தால் நிறம் திட்டுத்திட்டாக விழும். ஆகவே ஆபரேட்டரின் கவலை நியாயமானது. ஆனால் அதற்காகக் கெயினை (இலக்குக்கும் உண்மை வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசமான பிழைக்குக் கருவி எவ்வளவு வலுவாக எதிர்வினை காட்டும் என்ற அளவை) கூட்டிக்கொண்டே போவது, நீராவி வால்வை ஓயாமல் திறந்து மூட வைத்து, சீரான ஏற்றத்தையே கெடுத்துவிடுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வால்வை 1 சதவீதம் கூடுதலாகத் திறந்தால் வெப்பநிலை இறுதியில் 2 டிகிரி உயரும் என்றும், இயந்திரத்தின் கால மாறிலி (அந்த உயர்வில் சுமார் 63 சதவீதம் நிகழ எடுக்கும் நேரம்) 40 நிமிடம் என்றும் கொள்வோம். நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் சூடேற வேண்டுமானால், வால்வின் திறப்பு நிமிடந்தோறும் 1 சதவீதம் கூடிக்கொண்டே போக வேண்டும். பி.ஐ. கட்டுப்பாட்டில் ஒரு பகுதி அப்போதைய பிழைக்கேற்பவும், தொகையீட்டுப் பகுதி காலப்போக்கில் சேர்ந்த பிழைக்கேற்பவும் வால்வைத் திறக்கும். இப்படித் தொடர்ந்து கூட்டக்கூடியது தொகையீட்டுப் பகுதி மட்டுமே. அது ஒரு டிகிரி பிழைக்கு நிமிடத்துக்கு அரை சதவீதம் கூட்டும்படி அமைக்கப்பட்டிருந்தால், 2 டிகிரி பிழை நீடித்தால்தான் அந்த 1 சதவீதம் கிடைக்கும். அதாவது இந்தப் பின்னடைவு கருவியின் பழுது அன்று. அந்த அமைப்பில் அது இருந்தே தீரும்.

இலக்கின் அசைவைப் பிழையின்றிப் பின்பற்ற வேண்டுமானால், அந்த அசைவை உருவாக்கும் மாதிரி கட்டுப்பாட்டுச் சுற்றுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதை 1976இல் கட்டுப்பாட்டியல் ஆய்வாளர்களான பிரான்சிஸும் வான்ஹாமும் நிறுவினர். சீராக ஏறும் இலக்குக்கு இரண்டு தொகையீடுகள் தேவை என்பது அதன் பொருள். எனினும் இங்கே நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. இரண்டாவது தொகையீடு கட்டத்தை (ஃபேஸ், அதாவது ஏற்ற இறக்கங்களுக்கு எதிர்வினை வந்துசேரும் நிலையை) மேலும் 90 பாகை பின்தள்ளி நிலைத்தன்மையைக் குறைப்பதோடு, ஏற்றம் தொடங்கும்போது சேர்ந்த பிழைப் பரப்பை ஏற்றம் முடியும்போது எதிர்த்திசையில் ஈடுகட்டவும் செய்யும். 130 டிகிரியைத் தாண்டாமல் அந்த ஈடு நடக்காது. 130 டிகிரியிலேயே நிறைநீராவியின் அழுத்தம் (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து) ஏறத்தாழ 2.7 பார் என்பதால், அழுத்தக் கலனில் இதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

செட் பாயிண்ட் எப்படி நகரப்போகிறது என்பது ரெசிபியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பிழை தோன்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன இயந்திரத்தில் 2 டிகிரி வேகத்துக்கென 40 சதவீதத் திறப்பும், அறை வெப்பநிலைக்கு மேலுள்ள ஒவ்வொரு 2 டிகிரிக்கும் 1 சதவீதமும் வேண்டும். இதை முன்னூட்டமாக நேரடியாக வால்வுக்குக் கொடுத்து, ஏற்றம் முடிந்த கணமே அந்த 40ஐ விலக்கிக்கொள்ளலாம். கணக்கின் பிழையையும் நீராவி அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வையும் சரிசெய்வது மட்டுமே, பிழையைப் பார்த்துத் திருத்தும் பின்னூட்டத்தின் வேலையாக எஞ்சும். அதை அந்த வேலைக்கேற்பவே டியூன் செய்யலாம். கெயின் முதலியவற்றைத் தேர்ந்து டியூன் செய்வதற்காக 1942இல் வெளிவந்த சீக்லர்–நிக்கோல்ஸ் விதிகளும் இத்தகைய இடையூறுகளை அடக்கவே வகுக்கப்பட்டவை. இலக்கைப் பின்பற்றுவதற்கு அவற்றை அப்படியே பயன்படுத்தினால் இலக்கைத் தாண்டிச் செல்வதே பெரும்பாலும் விளைவாகும்.

உற்பத்தியை விரைவுபடுத்த அதே இயந்திரத்தில் 3 டிகிரி வேகம் கேட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகத்துக்கு மட்டும் 60 சதவீதம் போய்விடும். அறை வெப்பநிலை 30 டிகிரி என்றால், 110 டிகிரியிலேயே வால்வு முழுதாகத் திறந்துவிடும். அதன்பின் எந்த டியூனிங்கும் உதவாது. இலக்கு விலகிப்போக, தொகையீடு பயனின்றிக் குவிந்து, 130இல் நிற்க வேண்டிய நேரத்தில் வால்வை மூட விடாது. வால்வு எல்லையைத் தொட்டதும் தொகையீட்டை நிறுத்த வேண்டும். பின்னடைவு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் செட் பாயிண்டையும் காத்திருக்க வைக்க வேண்டும். பல கருவிகளில் இந்த இரண்டாவது வசதி ஹோல்ட்பேக் என்ற பெயரில் இருந்தும், அது அணைத்து வைக்கப்பட்டிருப்பதைப் பல இடங்களில் கண்டு வருந்தியிருக்கிறேன்.

எனவே கெயினைத் தொடும் முன், வெப்பநிலையையும் வால்வின் திறப்பையும் ஒரே டிரெண்டில் (நேர வரைபடத்தில்) பதிவுசெய்து பாருங்கள். பின்னடைவு மாறாமலும் வால்வு 100க்குக் கீழேயும் இருந்தால் முன்னூட்டம் போதும். வால்வு 100இல் படுத்திருந்தால் நீராவிக் குழாயையும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் சோதியுங்கள், அவை சரியாக இருந்தால் ரெசிபியின் வேகத்தைக் குறையுங்கள்.