ஒரு கார் நின்றால் நூறு நிமிடம்

காலை 7.30. மலேசியாவில் பூச்சோங் பக்கம் ஒரு டோல். முன்னால் நிற்கும் கார்க்காரர் அட்டையைத் தட்டுகிறார், கம்பம் எழவில்லை. துடைத்துவிட்டு மறுபடி தட்டுகிறார். காசு போதவில்லை என்று திரை காட்டுகிறது. கைப்பையைத் துழாவுகிறார், டாஷ்போர்டைத் திறக்கிறார், இன்னோர் அட்டையைத் தேடுகிறார். பின்னால் ஹாரன் தொடங்கிவிட்டது. ஒன்றரை நிமிடம் கழித்துக் கம்பம் எழுகிறது, அவர் போய்விடுகிறார். அவரால் வந்த தாமதம் மட்டும் அந்த லேனிலேயே கால் மணி நேரம் கிடக்கும். அது எப்படி என்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஒரு கார் கடக்க 6 வினாடி என்று வைத்துக்கொள்வோம். லேனால் நிமிடத்துக்கு 10 கார்களை அனுப்ப முடியும். காலை நெரிசலில் நிமிடத்துக்கு 9 கார்கள் வருகின்றன. கம்பம் 90 வினாடி மூடிக் கிடந்தால் 13 அல்லது 14 கார்கள் சேர்ந்துவிடும். மறுபடி திறந்த பிறகு நிமிடத்துக்கு 10 போகும், ஆனால் 9 வந்துகொண்டே இருக்கும். ஆக, தேங்கியதில் நிமிடத்துக்கு ஒரே ஒரு காரைத்தான் கரைக்க முடியும். முழுதும் கரைய மேலும் 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். தொடக்கம் முதல் கடைசி வரை ஏறக்குறைய 135 கார்கள் இதில் மாட்டும். ஆளுக்குச் சராசரி 45 வினாடி. கூட்டினால் 100 நிமிடம்.

இதே தவறு காலை 11 மணிக்கு நடக்கட்டும். அப்போது நிமிடத்துக்கு 6 கார்கள்தான் வருகின்றன. 90 வினாடியில் 9 கார்கள் தேங்கும். திறந்ததும் நிமிடத்துக்கு 4 என்று கரைந்து, இரண்டேகால் நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். மாட்டியவை 22, 23 கார்கள். மொத்த நட்டம் 17 நிமிடம். அதே ஆள், அதே அட்டை, அதே 90 வினாடி. மாறியது ஒன்றுதான்: லேன் ஏற்கெனவே எவ்வளவு நிறைந்திருந்தது என்பது. வரிசையில் நின்று முன்னால் இருப்பவர் மேல் எரிச்சல்படும்போது இந்த ஒன்றைத்தான் நாம் பார்ப்பதில்லை.

டோலில் இந்தத் தவறு ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. டோல் கட்டப் பயன்படும் டச் என் கோ அட்டையில் இருக்கும் காசு வேறு, கைப்பேசி இ-வாலட்டில் இருக்கும் காசு வேறு. காருக்குள் வைக்கும் ஸ்மார்ட்டேக் கருவி அதில் செருகிய அட்டையிலிருந்து காசைக் கழிக்கும். காரில் ஒட்டிய, ரேடியோ அலையில் படிக்கப்படும் ஆர்எஃப்ஐடி வில்லை இ-வாலட்டிலிருந்து கழிக்கும். இ-வாலட்டில் 80 வெள்ளி இருக்கிறது என்ற நம்பிக்கையில் அட்டை லேனுக்குள் நுழைபவர் மாட்டிக்கொள்கிறார். கைப்பேசியோடு ஒட்டினாலே தகவல் பரிமாறும் என்எஃப்சி வசதி உள்ள புதிய அட்டை என்றால், செயலியைத் திறந்து, அட்டையைக் கைப்பேசியின் பின்புறம் ஒட்டிவைத்து, வீட்டிலேயே காசு ஏற்றிக்கொள்ளலாம். பழைய அட்டைக்கு அது முடியாது. பெட்ரோல் நிலையம் போன்ற இடத்தில்தான் ஏற்ற வேண்டும். ஸ்மார்ட்டேக் அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்கிறது. பேட்டரி தேய்ந்துவிட்டால், அட்டையில் எவ்வளவு காசு இருந்தாலும் கம்பம் எழாது. டோல் லேன் மற்ற வரிசைகளைப் போல் அல்ல. உள்ளே நுழைந்துவிட்டால் விலகி நின்று பின்னால் இருப்பவருக்கு வழிவிட முடியாது. பிழையைச் சரிசெய்யும் இடம் லேனுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

வரிசையைக் கணக்காகப் பார்த்தவர்களில் முன்னோடி ஆக்னர் கிராருப் எர்லாங். டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஓர் ஊருக்கு எத்தனை தொலைபேசி இணைப்பு வைத்தால் போதும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கி, 1909-ல் தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். பிறகு 1930-ல் போலாசெக், 1932-ல் கின்சின் இருவரும் தனித்தனியே ஒரு சூத்திரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே கவுண்டர், முன்பின்னாக வந்துகொண்டிருக்கும் ஆட்கள். இதில் காத்திருப்பைத் தீர்மானிப்பவை இரண்டு என்று அது சொல்கிறது. கவுண்டர் எவ்வளவு நேரம் ஓய்வின்றி ஓடுகிறது என்பது ஒன்று. ஆளுக்கு ஆள் ஆகும் நேரம் எவ்வளவு வேறுபடுகிறது என்பது மற்றொன்று.

ஒருவருக்குச் சராசரி 2 நிமிடம் ஆகும் கவுண்டரை எடுத்துக்கொள்வோம். சிலருக்கு அரை நிமிடம், சிலருக்கு 6 நிமிடம் என்று கலந்து வருகிறார்கள். கவுண்டர் பாதி நேரம் வேலையாக இருந்தால் சராசரிக் காத்திருப்பு 2 நிமிடம். 80 விழுக்காடு வேலையாக இருந்தால் 8 நிமிடம். 90 விழுக்காட்டில் 18. 95 விழுக்காட்டில் 38. வேலை கொஞ்சம்தான் கூடியது, காத்திருப்போ மடங்கு மடங்காக ஏறிவிட்டது. காரணம் எளிது. கவுண்டர் சும்மா இருந்த நிமிடத்தைச் சேமித்து வைத்துப் பிறகு செலவழிக்க முடியாது. கூட்டம் சேர்ந்துவிட்டால் அதைக் கரைக்க மிச்சமிருக்கும் இடைவெளி மட்டுமே உதவும், அந்த இடைவெளியும் 5 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. ஊழியர் ஒரு நிமிடம்கூட சும்மா உட்காரக் கூடாது என்று திட்டமிடும் நிர்வாகம், தெரிந்தோ தெரியாமலோ, நீண்ட வரிசையைத்தான் திட்டமிடுகிறது.

இரண்டாவது காரணியையும் கவனியுங்கள். எல்லாருக்கும் சரியாக 2 நிமிடமே ஆகிறது என்றால், மேலே சொன்ன காத்திருப்பு அனைத்தும் பாதியாகிவிடும்: 80 விழுக்காட்டில் 4 நிமிடம், 90-ல் 9. யாரும் வேகமாக வேலை செய்யவில்லை, சராசரியும் மாறவில்லை. ஏற்றத்தாழ்வு போனது, அவ்வளவுதான். கவுண்டரில் மெதுவாகப் படிவம் நிரப்பும் பாட்டி வரிசையைக் கெடுப்பவர் அல்லர். அவர் வருவார் என்பது நூறு முறை பார்த்த நடைமுறை. அவருக்கு இடம் வைக்காமல் போட்ட திட்டத்தில்தான் குறை இருக்கிறது.

அடுத்து, பக்கத்து வரிசை. சூப்பர் மார்க்கெட்டில் நாம் நிற்காத வரிசைதான் எப்போதும் வேகமாக நகர்கிறது என்று தோன்றும். மூன்று வரிசைகள் இருந்தால், நம்முடையது முந்துவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்புதான். மூன்றில் இரண்டு முறை வேறொன்று முந்தும், நாமும் அதைப் பார்த்துக்கொண்டே நிற்போம். சாலையிலும் இந்த மயக்கம் உண்டு. 1999-ல் ரெடெல்மையர், டிப்ஷிரானி என்ற ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். இரண்டு லேன்களும் ஒரே சராசரி வேகத்தில் போனாலும், நாம் முந்தும்போது நெருக்கமாக நிற்கும் பல கார்களைச் சில வினாடியில் கடந்துவிடுகிறோம். நம்மை முந்துபவர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக வருவதால், முந்தப்படும் நேரம்தான் நீளமாக இருக்கிறது. நாம் முந்திய கார் பின்னால் மறைந்துவிடும், நம்மை முந்திப் போன கார் கண்முன்னே நிற்கும்.

இதற்கு மருந்து உண்டு: பாம்பு வரிசை. எல்லாரும் ஒரே வரிசையில் நின்று, காலியாகும் கவுண்டருக்குப் போவது. 80 விழுக்காடு வேலையாக இருக்கும் இரண்டு கவுண்டர்களுக்குத் தனித்தனி வரிசை என்றால் சராசரிக் காத்திருப்பு 8 நிமிடம். ஒரே வரிசையாக்கினால் 3.6. நான்கு கவுண்டர்களுக்கு ஒரே வரிசை என்றால் 1.5. தனி வரிசைகளில் நிற்பவர்கள் அடிக்கடி தாவினால் இந்த வித்தியாசம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் தாவும் வாய்ப்பு கடைசியில் நிற்பவருக்குத்தானே கிடைக்கிறது, அதனால் பின்னால் வந்தவர் முன்னால் போய்விடுகிறார், வயிற்றெரிச்சலும் அங்கேதான் பிறக்கிறது. பாம்பு வரிசையில் வந்தவர் வந்த முறையிலேயே கவுண்டருக்குப் போகிறார். ஒரு கவுண்டரில் ஒருவர் 8 நிமிடம் எடுத்துக்கொண்டாலும் மற்ற மூன்றும் ஓடும். அவர் பாரத்தைப் பின்னால் நிற்கும் ஐந்து பேர் மட்டும் சுமக்க வேண்டியதில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையின் மதிய வரிசை வேறு வகை. சோறு ஒருவர் போடுகிறார், கறி ஒருவர் ஊற்றுகிறார், தட்டைப் பார்த்து விலை சொல்லிக் காசு வாங்குவது கல்லாவில். சோற்றுக்கு 40 வினாடி, கறிக்கு 30, கல்லாவுக்கு 50 என்றால், கடையின் வேகம் கல்லாவின் வேகம்தான்: மணிக்கு 72 பேர். சோறு போட இன்னோர் ஆளை நிறுத்துவதால் ஒன்றும் மாறாது. மணிக்கு 60 பேர் வந்தால் சமாளிக்கலாம். இப்போது ஒவ்வொருவரும் கல்லாவுக்கு வந்த பிறகுதான் கைப்பேசியை எடுத்து, பூட்டைத் திறந்து, செயலி ஏறும்வரை காத்திருந்து, கியூஆரைப் படம் பிடிக்கிறார் என்று வையுங்கள். 20 வினாடி கூடும். கல்லாவின் வேகம் மணிக்கு 51 பேராகிவிடும். வருபவர் 60. இனி வரிசை கரையவே கரையாது. மணிக்கு 9 பேர் என்று வளர்ந்துகொண்டே போய், சாப்பாட்டு நேரம் முடிந்தால்தான் நிற்கும். கறி ஊற்றும் இடத்திலேயே செயலியைத் திறந்து வைத்துக்கொண்டால் அந்த 20 வினாடி கல்லாவுக்கு வராது. உள்ளே சிக்னல் மோசமான கடை என்றால் நோட்டையே கையில் வைத்திருப்பது நல்லது.

இதே வரிசையில் ஆபீஸுக்குப் பத்துப் பொட்டலம் தாப்பாவ், அதாவது கட்டிக் கொண்டுபோக, கேட்பவர் வந்தால், பொட்டலத்துக்கு 40 வினாடி என்றாலும் ஏறக்குறைய 7 நிமிடம் போய்விடும். மேலே சொன்ன ஏற்றத்தாழ்வு இதுதான். தாப்பாவுக்குத் தனி மேசை வைத்த கடையில் உட்கார்ந்து சாப்பிடுபவர் வரிசை சீராக ஓடும். தனி மேசை இல்லாத கடைக்கு 11.30-க்குள் வாட்சாப்பில் சொல்லிவைத்துவிட்டால் அதே பலன் கிடைக்கும்.

அரசாங்கக் கிளினிக்கில் கோபம் வேறு இடத்திலிருந்து வருகிறது. கையில் 2045, திரையில் 3012-ஐக் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பிறகு வந்தவர் எப்படி முன்னால் போனார்? முதல் இலக்கம் பெரும்பாலும் வரிசை எண்ணைக் காட்டுவதில்லை, வேலையின் வகையைக் காட்டும்: பதிவு ஒன்று, ரத்தப் பரிசோதனை ஒன்று, மருந்து ஒன்று. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித் தொடர் இருப்பதும் உண்டு. பல வரிசைகள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கின்றன, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. எது எதற்கு என்று கவுண்டர் மேல் ஒரு தாள் ஒட்டினாலே பாதிச் சண்டை குறையும். 1985-ல் டேவிட் மைஸ்டர் காத்திருப்பின் உளவியலைத் தொகுத்தபோது முன்வைத்த கருத்தும் இதுவே: எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், காரணம் சொல்லாத காத்திருப்பும், அநியாயமாகத் தோன்றும் காத்திருப்பும் கடிகார நேரத்தைவிட நீளமாக உணரப்படும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதை யாரும் சொல்லாவிட்டாலும் நாமே கணிக்கலாம். ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய விதி அதற்கு உதவும்: வரிசையில் சராசரியாக இருப்பவர்களின் எண்ணிக்கை, அவர்கள் வரும் வேகத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. உங்கள் தொடரில் உங்களுக்கு முன்னால் 18 பேர் என்று வையுங்கள். 10 நிமிடம் கவனியுங்கள். 6 பேரைக் கூப்பிட்டார்கள் என்றால் 18 பேருக்கு 30 நிமிடம். கவுண்டர் ஒன்றா மூன்றா என்பதுகூடத் தெரிய வேண்டியதில்லை. திறந்த உடனேயும், ஊழியர் தேநீருக்குப் போகும் நேரத்திலும் எண்ணாதீர்கள், கணக்குத் தவறும்.

எஸ்கலேட்டரில் நடப்பவர்களுக்கென்று விடும் பக்கத்தில் ஒருவர் அசையாமல் நின்றால் பின்னால் வருபவருக்குக் கோபம் வரும். ஆனால் 2015-ல் லண்டன் ஹோல்போர்ன் நிலையத்தில் செய்து பார்த்த சோதனையில், இரு பக்கமும் நிற்க வைத்தபோது அதே எஸ்கலேட்டர் வழக்கத்தைவிடக் கால் பங்குக்கும் மேல் கூடுதலான ஆட்களை மேலே ஏற்றியது. ஹோல்போர்ன் எஸ்கலேட்டர் மிக உயரமானது. அவ்வளவு உயரத்தை ஏறி நடக்கச் சிலரே முன்வருகிறார்கள், அதனால் நடக்கும் பக்கம் பாதி காலியாகக் கிடக்கிறது, நின்றபடி போக விரும்புகிறவர்களின் வரிசை கீழே நீள்கிறது. நம் எல்ஆர்டி, எம்ஆர்டி ரயில் நிலையங்களில் உயரம் குறைந்த இடங்களில் நிறையப் பேர் நடப்பார்கள், அங்கே இந்தக் கணக்கு மாறும். ஆழமான நிலையத்தில், எஸ்கலேட்டரின் அடியில் கூட்டம் தேங்கி நிற்கும்போது மட்டும், நடக்கும் பக்கத்தில் நிற்பவர் யாரையும் தாமதப்படுத்தவில்லை.

கடைசியாக, இடையில் நுழைபவர். மெதுவான ஆளை மன்னிக்கலாம், இவர் வேறு. 1986-ல் வெளியான ஆய்வுக்காக ஸ்டான்லி மில்கிராமும் உடன் ஆய்வாளர்களும் நியூயார்க்கில் 129 வரிசைகளில் ஆட்களை அனுப்பி, மூன்றாவது, நான்காவது ஆளுக்கு நடுவே நுழையச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் நுழைந்தபோது பாதிக்குச் சற்று அதிகமான வரிசைகளில்தான் எதிர்ப்பு வந்தது. இருவர் சேர்ந்து நுழைந்தபோது பத்தில் ஒன்பதில் வந்தது. நுழைந்தவருக்கு நேர் பின்னால் நிற்பவரைச் சும்மா இருக்கும்படி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் எதிர்ப்பு சரிந்துவிட்டது. மற்றவர்கள் அவரைத்தான் பார்க்கிறார்கள்: அவர் பேசினால் கூடவே பேசுவார்கள், அவர் பேசாவிட்டால் அவருடைய ஆள் போல என்று விட்டுவிடுவார்கள். பரவாயில்லை என்று நாம் ஒதுங்கும்போது நமக்குப் பின்னால் நிற்கும் எல்லாருடைய இடத்தையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறோம். சண்டை தேவையில்லை, முதல் சில வினாடியில், குரலை உயர்த்தாமல், கையால் கடைசி ஆளைக் காட்டினால் போதும். "அண்ணே, லைன் அங்கேருந்து வருது." மலாய்க்காரர் என்றால், "பாங், பெராதுர் டி பெலாகாங்" (அண்ணே, பின்னால் வரிசையில் நில்லுங்கள்). பெரும்பாலானவர்கள் வரிசையைப் பார்க்கவில்லை என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள், உண்மையாகவே பார்க்காதவர்களும் அதில் இருப்பார்கள்.